அகிலம் டிக்கோயாவுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் ஒரே கொள்கையோடு இருக்கும் கட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதைத்தான் நாங்கள் அகிலம் என்போம். எனக்கு அதன்மேல் பைத்தியம். எந்த நாட்டில் எந்தக் கட்சி அதில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆங்கிலம்கூட அதன் செய்தித்தாள்களை அகராதியோடு படித்துக் கற்றதுதான். அப்படிப்பட்டவனுக்கு எங்கள் கட்சியின் கண்டிக் கிளையிலிருந்து ஆள் வருகிறது: ஐரோப்பாவிலிருந்து அகிலத்தின் பிரதிநிதி ஒருவர் வந்திருக்கிறார், மொழிபெயர்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல், நீ போகிறாயா என்று. நான் பதில் சொல்லும் முன்பே சட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கண்டியில் காலை 6.10க்கு ரயில். மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் அறுபது சதம். விருந்தாளியின் பெயர் ஹென்றிக். நெட்டையான மனிதர், ஐம்பது வயதிருக்கும். தானும் மூன்றாம் வகுப்பில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாவலப்பிட்டிக்கு அப்புறம் குளிர் ஏறும், மலைக் காட்சிக்கு வலது பக்கம் உட்காருங்கள். 9.25க்கு ஹட்டன். அங்கிருந்து டிக்கோயாவுக்கு மூன்று மைல், பஸ்ஸில் பதினைந்து சதம். பிறகு ஒன்றரை மைல் மேலே நடை.

தோட்டத்து வாசலில் காவல்காரர் இருந்தார். கூட்டம் போட வெளியாள் உள்ளே போனால் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஹென்றிக்கைக் கண்டதும் காவல்காரர் தொப்பியைக் கழற்றி, “சலாம் தொரெ” என்றார். என்னை மட்டும் நிறுத்தினார்.

“நீ எங்க போற?”

“அவரோட வந்தேன்.”

“தொரையோட ஆளா? அதச் சொல்றதுக்கென்ன. போ, போ.”

தோழர் என்று அழைக்க ஆசையாய் வந்தவன், வேலைக்காரனாக உள்ளே போனேன்.

தொழிலாளருக்குத் தோட்டம் கொடுத்திருக்கிற வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். லயத்து முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நிற்பது போல ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஹென்றிக் உட்காரச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

தோட்டத்துக் கிளைச் செயலாளர் மாரிமுத்து அங்கேயே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். என் காதோடு சொன்னார்: “அவரு நிக்கிறப்ப இவுங்க ஒக்கார மாட்டாங்க தம்பி. மொதல்ல அவர ஒக்கார வைங்க. ரெண்டு தடவ கொழும்புல கட்சி ஆபீசுக்கு எழுதினோம், பதிலே இல்ல. இவரு அடுத்த மாசம் அகிலத்துக் கூட்டத்துக்குப் போறாராம். நம்ம கத அங்க போகணும்னா இன்னைக்குத்தான்.”

இருந்தது ஒரே நாற்காலி. மற்றவர்கள் நிற்கும்போது தான் உட்காருவது முறையல்ல என்று ஹென்றிக் மறுத்தார். அவர் உட்காராமல் இவர்கள் உட்கார மாட்டார்கள். இந்த மரியாதையிலேயே பத்து நிமிஷம் போனது. கடைசியில் பெண்கள் வரிசையிலிருந்து ராக்கம்மா வந்தார். கொழுந்து பறிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, இடுப்பில் கட்டுகிற சாக்குத்துணியைப் படியில் விரித்தார்.

“இதுல ஒக்காரச் சொல்லுங்க தம்பி. நானும் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்.”

ஹென்றிக் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சர்க்கரையைக் கடித்துக்கொண்டு குடிக்கிற வெறும் தேத்தண்ணி வந்தது.

ராக்கம்மாதான் தொடங்கினார். “பாட்டன் இந்தியாவுலேருந்து வந்தவருன்னு எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லன்னாங்க, ஓட்டும் போச்சு. கொழும்புல நம்ம கட்சி சத்தம் போட்டுச்சு, அது தெரியும். அதுக்கு ஒடம்பொறப்பா இவரு ஊர்ல, இன்னும் பல ஊர்ல கட்சி இருக்குங்கிறாங்களே, அவுங்க எங்களுக்காக என்ன பண்ணுனாங்க? கேளுங்க.”

நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் அகிலம் இந்தப் படியில் தலைகுனிவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. “உங்கள் ஆதரவைப் பற்றி அறிய விரும்புகிறார்” என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். ஹென்றிக் சிரித்துத் தலையாட்டினார்.

ராக்கம்மா என்னைப் பார்த்தார். “நான் அம்புட்டுப் பேசுனேன், நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க. அவரு சிரிக்கிறாரு. நான் கேட்டதுக்குச் சிரிப்பு வராதே தம்பி.”

பின்னாலிருந்து ஒரு பெண், “தம்பிக்குப் பசி போல. பாதிய முழுங்கிருச்சு” என்றார். முற்றம் முழுக்கச் சிரித்தது.

இரண்டாம் முறை முழுதாகச் சொன்னேன். ஹென்றிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அதைக் கண்டித்துக் கொழும்பு அரசாங்கத்துக்கு ஒரு தந்தி அனுப்பினோம். பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை” என்றார்.

“தந்தியா?” என்றார் ராக்கம்மா. “இங்க சாவுக்குத்தான் தந்தி வரும். அப்ப சரியாத்தான் அடிச்சிருக்கீங்க.”

அதையும் விடாமல் சொன்னேன். ஹென்றிக் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். கூட்டத்தில் வாசிக்க வேண்டியதை அதில் எழுதிக் கொடுத்தால், தனக்குத் தரும் நேரத்தில் வாசிப்பதாகச் சொன்னார். பெயர், கட்சி, நாடு என்று மூன்று இடம். நாடு என்ற இடத்தில் என் பேனா நின்றது.

“இலங்கைன்னு போடுங்க” என்றார் மாரிமுத்து.

“சட்டம் இல்லங்குதே” என்றது ஒரு குரல்.

“அப்ப இந்தியாவா?”

“நான் கப்பலக்கூடப் பாத்ததில்ல” என்றார் ராக்கம்மா. “அந்த எடத்தச் சும்மா விடுங்க. ஏன் சும்மா கெடக்குன்னு அங்க எவனாச்சும் கேப்பான். அப்ப மத்தத வாசிக்கச் சொல்லுங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்: பிரஜாவுரிமை போன கதை, அதற்கு அகிலம் என்ன செய்யப்போகிறது என்ற கேள்வி. எழுதியதை என்னைத் தமிழில் திருப்பிச் சொல்ல வைத்து, இரண்டு இடத்தில் திருத்தினார். 2.50 ரயிலை ஓடிப் பிடித்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஞாயிறு தவிர வேறு நாளில் போகாதீர்கள், எல்லோரும் மலையில் வேலையில் இருப்பார்கள். கம்பளி கட்டாயம். லயத்தில் தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம்மால் மாட்டிக்கொண்டு வேலை போனால் அவர்களுக்கு வீடும் சேர்ந்து போகும், அதனால் முன்கூட்டியே உள்ளே சொல்லி அனுப்பாமல் போகவே போகாதீர்கள். எல்லா நாட்டுக் கட்சியின் பெயரும் எனக்குத் தெரியும் என்ற திமிர் அன்றோடு கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனால் அகிலத்தின்மேல் ஆசை குறையவில்லை. இப்போது அதனிடம் கேட்பதற்கு எனக்கும் கேள்வி இருக்கிறது.

நேற்று ஹென்றிக்கிடமிருந்து தபாலட்டை வந்தது. மூன்றே வரி. “நாடு ஏன் காலியாக இருக்கிறது என்று கூட்டத் தலைவர் கேட்டார். வாசித்தேன். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.”

வரும் ஞாயிறு அதே 6.10 ரயிலில் போகிறேன். மூன்றாவது வரியையும் ராக்கம்மாவுக்கு வாசிக்க வேண்டும்.