பாய்மரத்துக்கு ஒரு காலர்

என் அக்காவுக்கு நேராகத் தைக்கத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரில் போர்த்துகிற பச்சைத் துணி எல்லாம் அவள் கையால் ஓரம் மடித்துத் தைத்தவை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது விரிப்புகள். எல்லாமே நான்கு மூலை, நான்கு நேர்க்கோடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலை ஒட்டிய நாற்காலியில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பத்து நிமிடம் வீட்டில் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. டிவிகூட வாயைத் திறக்காது.

அப்படிப்பட்டவள் ஒரு படகுக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தாள். காலக்கொடுமை, வேறென்ன.

படகு மாமாவுடையது, அதாவது அக்கா புருஷனுடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் மேலும் கீழும் போய்வருகிற மனுஷனுக்குத் திறந்த தண்ணீர் மேல் ஆசை வந்ததில் தப்பில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால், யாரோ கழித்துக்கட்டிய பதினாறு அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரிக்கு ஓடினார். தெருவில் அவருக்கு 'மாலுமி' என்று பெயர். அக்கா அந்தப் படகைச் 'சக்களத்தி' என்பாள். ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. "நான் தூங்குறதே ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான். அதையும் தண்ணியில கொண்டுபோய்க் கொட்டணுமா?" என்று கேட்பாள்.

போன வருடக் கடைசியில் மாமாவுக்குக் காதுக்குள் ஏதோ நரம்புக் கோளாறு. நின்றால் தரை சாய்கிறது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கம்பெனி அவரைக் குழியிலிருந்து எடுத்து, புகார் கேட்கிற போனுக்கு முன்னால் உட்கார வைத்தது. "சரியாகலாம், ஆகாமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல எதற்கு டாக்டர், நானே சொல்லியிருப்பேன்.

படகு கரையில், கட்டைகள் மேல் ஏற்றி வைத்தபடி கிடந்தது. மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது படகுத்துறைக்காரர் போன் செய்தார். மூடாமல் கிடந்தால் உள்ளே தண்ணீர் தேங்கிப் பலகை ஊறிவிடும், மழைக்கு முன்னால் மூடுங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். தைத்து விற்கிற உறையின் விலையைக் கேட்டதும் அக்கா போனை வைத்துவிட்டாள். பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினால் என்ன என்று நான் கேட்டேன். மாமா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில் வேர்க்குமாம், மரம் அழுகுமாம். கித்தான் என்கிற கான்வாஸ் துணிதான் மூச்சு விடுமாம்.

"கித்தான் வாங்கிட்டு வா, நானே தைக்கிறேன்" என்றாள் அக்கா.

படகு உறையில் இரண்டு வகை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பாய்மரத்தை இறக்கிப் படகின் நீளவாக்கில் கிடத்தி, அதன் மேல் கூடாரம்போலப் போர்த்திக் கட்டுவது ஒன்று. நேர்த்தையல் போதும். அக்கா கைக்கு ஒரே ஞாயிறில் முடிந்துவிடும். மற்றது, மரம் நின்றபடியே நிற்க, அதைச் சுற்றி உறையில் ஓட்டை விட்டு, ஓட்டைக்குச் சட்டைக் கழுத்து மாதிரி காலர் வைத்து, முன்பக்கம் ஜிப் போட்டு மூடுவது. உறையை உருவினால் அன்றைக்கே படகைத் தண்ணீரில் விட்டுவிடலாம். தைப்பதற்குள் உயிர் போய்விடும்.

எது வேண்டும் என்று மாமா சொல்லவில்லை. பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மரம் நிக்கட்டும். காலர் வச்சே தைக்கிறேன்."

"உன் இஷ்டம்" என்றது பேப்பருக்குப் பின்னால் ஒரு குரல்.

எனக்குப் புரிந்துவிட்டது. மரத்தை இறக்கலாம் என்று சொன்னால், இனிமேல் நீங்கள் படகில் போக மாட்டீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அக்காவுக்கு அதற்கு வாய் வரவில்லை.

அளவெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவன், எனக்கு ஏணியே ஆகாது. கழித்துப்போட்ட ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கேட்டு வாங்கிவந்து, படகின் மேல் போர்த்தி, குண்டூசி குத்திப் பென்சிலால் கோடு போட்டோம். படகில் நேர்க்கோடு என்று ஒன்று கிடையவே கிடையாது. முன்னால் ஒல்லி, நடுவில் குண்டு, பின்னால் வேறு மாதிரி ஒல்லி. பழக்கதோஷம், முதல் ஞாயிறன்று அக்கா படுக்கை விரிப்பு மாதிரியே நேராக வெட்டித் தைத்துவிட்டாள். அடுத்த வாரம் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் பை பையாகத் தொங்கியது. மழை பெய்தால் அந்தப் பைகளில் தண்ணீர் நின்று உறையே கிழிந்துவிடும். அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அவ்வளவையும் பிரித்தாள்.

வீட்டு மெஷினில் கித்தான் நான்கு மடிப்பு ஏறவில்லை. ஊசி பட்பட்டென்று ஒடிந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாகப் போட்டாள். கூடத்தில் கித்தான் வேண்டாத விருந்தாளி மாதிரி படுத்துக்கிடந்தது. அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, துணியின் பாரத்தை மடியில் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுப்பார். ஆறு நாள் ஆஸ்பத்திரிக்கு, ஏழாவது நாள் படகுக்கு. அக்காவின் வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. திங்கட்கிழமை காலையில் அவள் பஸ்ஸுக்கு நடக்கிற நடையைப் பார்த்தால் எனக்கே கால் வலிக்கும்.

ஒருநாள் சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "விட்டுத் தொலைக்கா. மரத்தை இறக்கிட்டா ஒரு நாள்ல முடிஞ்சுது."

"மெதுவா பேசுடா, அவர் காதுல விழுந்திடும்."

"அவருக்குக் காதுதானே கெட்டுப்போச்சு?"

"தலை சுத்துற காது வேற, கேக்குற காது வேற."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்த ஐந்து வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

ஐந்தாவது ஞாயிறு உறையைக் கொண்டுபோய் மாட்டினோம். வாடகைக் காரில் மாமாவும் வந்தார். துறைக்காரர் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். உறை கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. காலர் பாய்மரத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவள் ஏணியில் நின்று ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாமா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"மாப்ள, மரத்தை இறக்கிடுங்க."

அக்காவின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை முதல் வாரமே சொல்லியிருக்கக் கூடாதா மாமா? அவ விரலைப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஏணிப்படியிலேயே உட்கார்ந்தாள். "இறக்குடா" என்றாள்.

உறையைக் கழற்றினோம். நானும் துறைக்காரரும் கம்பிகளைத் தளர்த்தி மரத்தை இறக்கிப் படகின் மேல் நீளவாக்கில் கிடத்தினோம். திரும்ப உறையைப் போர்த்தினால், காலர் தொய்ந்து விழுந்து, மரம் நின்ற இடத்தில் ஒரு தட்டு அகலத்துக்கு ஓட்டை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைக்க நேரமில்லை. அக்கா பையிலிருந்து மிச்சக் கித்தானையும், பெரிய ஊசியையும், தடித்த நூலையும் எடுத்தாள். இழுத்துக் கட்டிய துணியில் ஒட்டுப் போட இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் குத்தினால், உள்ளே இருப்பவர் ஊசியை வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். நான் சலித்துக்கொண்டே உள்ளே நுழையக் குனிந்தேன்.

"நான் போறேன்" என்றார் மாமா.

என் தோளைப் பிடித்து ஏணியில் ஏறி, உறையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு, தவழ்ந்து உள்ளே போனார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் படகுக்குள் போனது அன்றுதான். கட்டைமேல் இருக்கிற படகு அசையாது. ஆனாலும் உள்ளே அவர் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுவது கேட்டது. அக்கா ஒட்டுத் துணியை ஓட்டையின் மேல் வைத்துக் குத்தினாள். ஊசி உள்ளே போனது. கொஞ்சம் தள்ளி வெளியே வந்தது. இப்படியே ஏழெட்டுத் தையல்.

"இனிமே ஓட்ட முடியாதுன்னு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் அக்கா, கித்தானைப் பார்த்து.

"ரெண்டாவது தடவை நான் மட்டும் டாக்டர்கிட்டப் போனேனே, அன்னிக்கே. நீ கித்தான் வாங்கச் சொல்றதுக்கு முன்னாடியே."

"அப்புறம் எதுக்கு என்னை அஞ்சு வாரம் சாகடிச்சீங்க?"

"நீ தைக்கத் தைக்க, திரும்பப் படகுல போயிடலாம் போலவே இருந்துச்சு. இன்னைக்குத் தைச்சு முடிச்சிட்ட. இனிமே என்ன சொல்லிச் சமாளிக்கிறது?" அவரே தொடர்ந்தார். "நான் ஓட்டுவேன்னு நீ நம்புறேன்னு நெனச்சேன்."

"நான் எங்க நம்பினேன்? நீங்க நம்புறீங்கன்னுதான் தைச்சேன்."

உள்ளே போன ஊசி திரும்பி வரவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணும் கலங்கிவிட்டது, என்ன செய்ய. தூறல் விழ ஆரம்பித்தது. துறைக்காரர் தன் அறை வாசலில் நின்று, சீக்கிரம், சீக்கிரம் என்று கையைக் காட்டினார். அக்கா ஒட்டுத் துணியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவாவே குத்துங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."