என் குரலுக்கு அனுமதி கேட்டார்கள்

எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவனுக்கு ஊரில் கரண்டு இல்லாத நேரம்தான் ஓய்வு. சொந்தக்காரனுக்குச் சும்மா உழைத்துக் கொடுத்தவனுக்கு அதுவும் கிடையாது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் மேலே படிக்கலாம்.

ஓசியில் கொடுத்த குரல்

என் மனைவியின் தம்பி செல்வம் பெரியகுளத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போட, நிறுத்த ஒரு ஆப் செய்தான். பல பேர் கூலி வாங்காமல் கூடிச் செய்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அதை யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை.

கரண்டு வந்தால் போன் சத்தம் போட வேண்டுமே? சின்னமனூரில் என் கடைக்கு வந்து என் குரலைப் பதிவு செய்துகொண்டு போனான். "கரண்டு வந்துருச்சு, எந்திரிய்யா!" இதுதான் வசனம். அப்புறம் எந்தத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனாலும் நான்தான் அதட்டிக்கொண்டிருந்தேன். மோட்டாரைக் காயில் கட்டக் கொடுக்க வந்த ஓர் அம்மா என் வாயையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்கதானா அது? எங்க வீட்டுக்காரரு ஒங்களுக்கு மட்டுந்தான் எந்திரிக்கிறாரு."

காதர் அண்ணனின் புது போன்

உத்தமபாளையம் காதர் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம். முழங்கால் ஆபரேஷன் ஆகி, மோட்டார் ரூம் வரை நடக்க முடியாமல் இருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் விலை கூடிய போன் ஒன்றை அனுப்பினான். அந்தப் போனில் கம்பெனியின் ஆன்லைன் கடை வழியாகத்தான் ஆப் ஏறும். அந்தக் கடையோ, இங்கே எடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்காதே என்கிறது. செல்வத்தின் ஆப், கொடு என்கிறது. எப்படிச் சேரும்?

"பேசாம இந்த ஆப் ஏறுற ஒரு சாதா போன் வாங்குங்கண்ணே" என்றேன். அவர் முறைத்தார். "மகன் ஆசையா அனுப்புனத பொட்டியில வச்சுப் பூட்டவா? அவன் மனசு என்னாகும் தம்பி?"

பாக்கி நான்தான்

ஒரே வழிதான் இருந்தது. அந்தக் கடைக்கு மட்டும் விலக்கு என்று, ஆப்புக்கு உழைத்த அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். மற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள். பாக்கி நான். தன் மகள் காதுகுத்துக்கு எனக்கு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிய செல்வம், இதற்கு மட்டும் பஸ் ஏறி வந்தான்.

"இதையும் வாட்ஸப்லயே கேளு மாப்ளே. யோசிக்கிறேன்."

"காதர் அண்ணனுக்காகவாச்சும் சரின்னு சொல்லுங்க மச்சான்."

"அவுகளுக்காகத்தான் ஒன்ன உக்கார வச்சுப் பேசுறேன்."

அவன் முகம் கறுத்துப்போனது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "ஒங்க கொரலைத் தூக்கிட்டு வேற கொரல் போட்டா, ஒங்க சம்மதமே தேவையில்ல மச்சான்."

மதுரைப் பெண்

சொன்னபடியே செய்தான். மதுரையில் யாரோ ஒரு பெண் தேனாகப் பேசினாள்: "வணக்கம், தங்கள் மோட்டாருக்கு மின்சாரம் வந்துவிட்டது." ஆப் காதர் அண்ணன் போனில் ஏறியது. கொஞ்ச நாள் கழித்து, பார்ப்போமே என்று போனேன். காய் பிடிக்கிற நேரத்தில் கொடி வாடிக் கிடந்தது.

காதர் அண்ணன் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணு பேசுனா பாட்டு மாதிரி இருக்கு, கேட்டுக்கிட்டே கண்ணசந்துர்றேன். நீ அதட்டுனாத்தான்யா கை போனுக்குப் போகும்."

வாடிய கொடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் வீம்பு பிடிக்க முடியும்? அங்கன நின்றபடியே செல்வத்தைக் கூப்பிட்டுச் சம்மதம் சொன்னேன். இப்போது காதர் அண்ணனையும் நான்தான் அதட்டுகிறேன்; கொடிக்கும் தண்ணீர் போகிறது. செல்வம் போனில் குழைந்தான்: "அப்ப கோவம் தீந்துருச்சுல்ல மச்சான்?"

சம்மதம் என் குரலுக்கு மட்டும்தான்; காதுகுத்துக்கு நான் எந்த விலக்கும் கொடுக்கவில்லை.