நிறைஞ்சு போச்சு

எங்கள் பக்கத்தில் அரிசிப் பானை வெறுமையானால் "அரிசி இல்லை" என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். "நிறைஞ்சு போச்சு" என்பாள். புருஷன்காரன் மறுகதை கதையாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவான். இல்லை என்று வாயால் சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று பயம்.

நெடுங்கேணிப் பக்கம் நான் கல்யாணம் முடித்துப் போன முதல் மார்கழியிலேயே மழை விடாமல் பெய்து குளம் உடைத்தது. இளம்பயிர் மண்ணுக்குள் போயிற்று. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சாக்கில் இருந்த நெல் முளைத்து நாறியது. அரசாங்கம் நட்டஈடும் விதைநெல்லும் கொடுக்கப்போவதாக ஊருக்கு அரசாங்க ஆளான விதானையார் வந்து சொன்னார். அது கிடைக்காவிட்டால் வயலை விற்றுவிட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்றார் என் மாமனார். சும்மா மிரட்டவில்லை. வயலை யாரிடம் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

அழிவு பார்க்க வந்த அதிகாரி தமிழர்தான், ஆனால் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். கூட வந்த விதானையாரை வெளியே ஒழுங்கையில் சனம் பிடித்துவைத்துக்கொண்டது. மாமனார் வயலில். வாசலில் நின்ற என் மாமியாரிடம், வீட்டில் நெல் ஏதும் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

"நிறைஞ்சு போச்சு, ஐயா."

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போனார். உள்ளே ஒருக்கால் எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. குசினிக்குள் அடுப்படியில் நின்ற எனக்கோ மாமி சொன்னதில் ஒரு பிழையும் தெரியவில்லை. வேறு எப்படிச் சொல்வதாம்?

ஊரில் எல்லோருக்கும் உதவி வந்தது, எங்களுக்கு மட்டும் வரவில்லை. விதானையார் விசாரித்துவிட்டு வந்து, முதலில் சிரித்தார், பிறகு மாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீடு நிறைய நெல் இருப்பதாக எழுதியிருக்கிறதாம். சொன்னவரே அதிகாரியின் கந்தோருக்கு வந்து திருத்திச் சொல்லவேண்டுமாம்.

நானும் மாமியும் பஸ் ஏறிப் போனோம். வெள்ளம் கொண்டுபோய்விட்டது, சாக்கோடு முளைத்துவிட்டது என்று மாமி என்னவெல்லாமோ சொன்னார். அந்த ஒரு சொல்லை மட்டும் சுற்றிச் சுற்றிப் போனார். அதிகாரி இந்த முறை பொறுமையாகத்தான் இருந்தார்.

"அம்மா, வீட்டில் நெல் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இல்லை, ஐயா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தபடியே வந்தார். 

உதவி வந்தது. வயல் தப்பியது. அடுத்த போகம் நன்றாகவே விளைந்தது. புதிர் நாளன்று, அதாவது புது அரிசியை முதன்முதல் சமைக்கும் நாளில், பானையில் முதல் பிடி போடுவது மாமியின் கைதான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரோ அரிசி இருந்த சுளகை என்னிடம் நீட்டினார்.

"இல்லையெண்டு இந்த வாயால சொல்லிப்போட்டன், பிள்ளை. நீ போடு."

அரசாங்கத்துக்காகச் சொன்னது வீட்டைச் சேராது என்று வாதாடினேன். கெஞ்சினேன். கடைசியில் அழுதுகொண்டே நான்தான் போட்டேன். மாமி எல்லோருக்கும் வயிறார இலையில் பரிமாறினார். பிறகு குசினி மூலையில் குந்தியிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ போகம் விளைந்தது. சாகும்வரைக்கும் எங்கள் வீட்டுப் புதிரில் அவர் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை.