தேர்ச்சீலைக்கு ஒரு வாஷிங் மெஷின்

ராயபுரத்தில் என் அக்கா வீட்டு வாஷிங் மெஷின் நடக்கும். பின்கட்டுச் சுவரோரம் நிறுத்திவைத்திருக்கும் அது, துணி பிழியும் கட்டம் வந்ததும் முதலில் முனகும். பிறகு தொம் தொம்மென்று இடிக்கும். கடைசியில் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்து நிற்கும். கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து விமானம் மாறி மாறி, கையில் கனத்த கம்பளிக் கோட்டோடு நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த பிப்ரவரி காலையில் எதிர்கொண்டு வரவேற்றது அதுதான். அக்கா ஃபிலோமினா அதன் தலையில் இரண்டு கைகளையும் ஊன்றி, பேய் பிடித்தவளை அமுக்குவதுபோல் அமுக்கிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? அந்தக் கோட்ட ஆணில மாட்டிட்டு வந்து இந்தாண்ட புடி," என்றாள். பல வருடம் கழித்து வந்த தம்பிக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

மெஷினை வாங்கி அனுப்பியவன் நான். நம்மைப் போல் வெளியே போனவர்கள் ஊருக்கு அனுப்பும் பொருள்களைப் பற்றி யாராவது ஒரு நாள் நேர்மையாக எழுத வேண்டும். நாம் போக முடியாத இடத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியை அனுப்புகிறோம். கூரியர்காரர் பெட்டியோடு எடுத்த படம் கைப்பேசிக்கு வந்ததும் கடமை முடிந்தது என்று தூங்கப் போகிறோம். நான் கொஞ்சம் மெனக்கெட்டேன் என்று நினைத்திருந்தேன். முன்பக்கம் கதவு வைத்ததற்குக் குனிய வேண்டும், அக்காவின் முழங்கால் அதற்கு ஒப்பாது. ஆகவே மேலே மூடி திறப்பது. செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஒரு தொட்டியில் துவைத்த ஈரத் துணியைக் கையால் தூக்கி அடுத்த தொட்டியில் போட வேண்டும், அதற்கு அவள் மணிக்கட்டு ஒப்பாது. ஆகவே ஃபுல்லி ஆட்டோமேட்டிக். அடுத்து மதிப்புரைகளைப் படித்தேன். சென்னையில் பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதியதை வெட்டியும் ஒட்டியும் சம்பாதித்தவன் என்பதால், வெவ்வேறு மெஷின்களை வெவ்வேறு பெயர்களில் புகழ்ந்தவர் ஒரே ஆள் என்பது சீக்கிரம் புலப்பட்டது. உண்மையான ஆட்களிலும் பாதிப் பேர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஐந்து நட்சத்திரம் தந்திருந்தார்கள். மீதிப் பேர் தந்தது கூரியர்காரரின் பணிவுக்கு. எல்லாவற்றையும் ஒப்பிட்டு நான் தேர்ந்தெடுத்ததன் பெரும் சிறப்பு, பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் தானே உணர்ந்து தானே திருத்திக்கொள்ளும் அறிவு அதற்கு உண்டு என்பது.

அக்காவுக்கு மெஷின் வேண்டியிருந்தது வீட்டுத் துணிக்காக அல்ல. எங்கள் தெரு முனையில் மாதா கெபி, குகைபோல் கட்டிய சிறு கோயில், இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவில் தேரைச் சுற்றிக் கட்டும் நீல வெல்வெட் சீலையைத் துவைத்துத் தருவது எங்கள் வீட்டின் முறை. அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். அந்தச் சீலையை லாண்டரியில் கொடுக்கக் கூடாது, முறைக்காரர் வீட்டு வாசல் தாண்டக் கூடாது. மெழுகுக் கறை, துறைமுகத்தின் நிலக்கரித் தூசு, கடற்காற்றின் உப்பு எல்லாம் ஏறிய சீலையைத் தொட்டியில் ஊறவைத்து மிதித்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவார்கள். போன வருடம் அக்காவின் மணிக்கட்டு முறிந்திருந்தது. துறைமுகக் கிரேனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தானுக்கு முதுகு வளையாது. சரியாகப் பிழியாத வெல்வெட் இந்தக் காற்றில் எத்தனை வெயில் அடித்தாலும் காயாது. தேர் கிளம்பும்போது மாதாவைச் சுற்றி ஒரு ஈரநாற்றமும் கிளம்பியது. இந்த வருடமும் அப்படி நடந்தால் முறை மாடிவீட்டு ரீட்டாவுக்குப் போகும் என்று விழாக் குழு முடிவு செய்துவிட்டது. நான் வந்த அன்றைக்கு மறுநாள் மாலை கொடியேற்றம். அதற்குள் சீலை காய்ந்து கெபிக்குப் போய்ச் சேர வேண்டும்.

சீலை உள்ளே சுருண்டு கிடந்தது. மெஷினின் அறிவு வெளியே வழிந்தது. பிழியத் தொடங்கி, இடித்து, நின்று, பாரம் சாய்ந்துவிட்டது என்று உணர்ந்து, அதைத் திருத்துவதற்காகத் தொட்டி நிறையத் தண்ணீரை மறுபடி பிடித்துக்கொண்டது. அலசிக் கலைத்துவிட்டு மீண்டும் பிழிந்தது. மீண்டும் இடித்தது. மீண்டும் தண்ணீர். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில் சந்தேகமே இல்லாத ஊரில் உட்கார்ந்து யாரோ யோசித்த தீர்வு அது. ராயபுரத்தில் தண்ணீர் வருவதற்கு வேளை உண்டு, வராததற்குத்தான் வேளை கிடையாது. மொட்டைமாடித் தொட்டி ஒன்றுதான். அதில் பாதி ரீட்டாவுடையது.

"இன்னா ஃபிலோமினாக்கா, மிஷினு துவைக்குதா, தண்ணிப் பந்தல் வெச்சிக்கீதா?" மாடிப்படியில் நின்று ரீட்டா கேட்டாள். "எம்புள்ளைங்க குளிக்கிறதா இல்லியா?"

"உம்புள்ளைங்க குளிச்சி என்னிக்குடி நான் பார்த்தேன்?" என்றாள் அக்கா.

ரீட்டா விறுவிறுவென்று படியேறினாள். மேலே போய், தொட்டியிலிருந்து எங்கள் பக்கம் வரும் வால்வைத் திருகி மூடிவிட்டாள்.

தகராறுக்கு நடுவில் கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, மூடியைத் திறக்காமலேயே நோயைச் சொன்னார். "ஃப்ளோர் ப்ராப்ளம் சார்."

"மெஷினுக்கு முன்னாலயே தரை இங்கதானே இருந்தது?"

"அதான் சார் ப்ராப்ளம்."

பெட்டியின் அட்டையைக் கிழித்து நாலாய் மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகினார். செயலியில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி, நான் போடும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆக, அந்த மதிப்புரைகள் பிறக்கும் இடத்தையும் பார்த்தாயிற்று.

பிறகு நானே இறங்கினேன். தெருச் சாக்கடை உள்ளே வரும் மழைக்காலத்தை நினைத்து, மெஷினைச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார்கள். சக்கரம் உள்ள ஒன்று நடப்பதில் என்ன ஆச்சரியம்? இறக்கினோம். அடியில், உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, பெட்டியோடு வந்த தெர்மோகோலை அக்கா அப்படியே விட்டுவைத்திருந்தாள். பிடுங்கினேன். பின்கட்டுத் தரையே சாக்கடைப் பக்கம் சரியும்படி போட்டது. தெருவில் ஒரு கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கிவந்து, அடிக்கால்களின் திருகைக் கூட்டியும் குறைத்தும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். தெருவில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் குமிழி நடுங்கியது, ஆனால் நடுவை விட்டு விலகவில்லை. காலியாக ஓட்டினேன். சிலைபோல நின்றது. சீலையைப் போட்டு ஓட்டினேன். மறுபடி நடந்தது. குற்றம் தரையுடையது அல்ல என்று நிரூபித்ததோடு என் ஆராய்ச்சி தீர்ந்தது.

ஹாலிஃபாக்ஸில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் பேஸ்மென்டிலும் காசு போட்டு ஓட்டும் மேல்மூடி மெஷின்கள்தான். ஆனால் அவற்றின் நடுவே அஜிடேட்டர் என்று ஒரு தடித்த தூண் உண்டு. துணி அதைச் சுற்றிக் கிடப்பதால் பாரம் ஓரளவு தானே பரவிக்கொள்ளும். தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும், துணியையும் பதம் பார்க்கும். நம்மூரில் விற்பதில் தூண் இல்லை. அடியில் சுழலும் தட்டு மட்டும். துணிக்கு இதம், ஆனால் ஒற்றைக் கனத்த துணியைப் போட்டால் அது ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தூணே உள்ள மெஷினிலும் என் முதல் குளிர்காலத்தில் ஒரு பெரிய ரஜாய்ப் போர்வை அப்படி உட்கார்ந்துகொண்டது. நிலவறையே அதிரும்படி மெஷின் இடித்தது. கீழ்த்தளத்தில் குடியிருந்த டோரீன் என்ற வயதான பெண்மணி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூடியைத் திறந்து, தன் வாளியிலிருந்து ஈரமான இரண்டு குளியலறை மிதியடிகளை எடுத்து என் ரஜாய்க்கு எதிரே போட்டு மூடினார். ஏதாவது பிரச்சினையா என்று என் பத்திரிகை ஆங்கிலத்தில் கேட்டேன். "இட் நீட்ஸ் கம்பெனி, டியர்," அதற்குத் துணை வேண்டும், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் காசில் தன் மிதியடியைப் பிழிந்துகொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஊர்த் தமிழர்களின் பொங்கல் விருந்துகளில் கனடாக்காரர்களின் கஞ்சத்தனத்துக்கு உதாரணமாக வருடாவருடம் அதைச் சொன்னேன். எல்லோரும் வருடாவருடம் சிரித்தார்கள். அடுத்தவரைப் பற்றிய நம் ஞானமெல்லாம் பெரும்பாலும் இந்தத் தரம்தான்.

ராயபுரத்துப் பின்கட்டில், ரசமட்டத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மிதியடிகள் எதற்கு என்று விளங்கியது. "சீலைகூட எதையாவது போடணும்கா," என்றேன். "எதிர்ப்பக்கம். அதே அளவு கனமா."

"எத்த?"

"அத்தான் லுங்கி, உன் நைட்டி, எதுவானாலும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாதா சீலையோட உங்கத்தான் லுங்கியா? கனடா போனா மூளையும் ஒறஞ்சி பூடுமாடா?"

வேடிக்கை பார்க்கப் படியிறங்கி வந்திருந்த ரீட்டா இந்த ஒரு விஷயத்தில் அக்கா கட்சி. "சீலை தனியாத்தான் போவணும்ணே. அதான் மொறை. யாரு வூட்டுத் துணியும் கூடப் போவக் கூடாது."

கோளாறு அங்கேதான் இருந்தது. உலகத்தில் எந்த மெஷின் கையேட்டிலும் எழுதாத கோளாறு அது. ஒற்றைக் கனத்த துணியைத் தனியாகப் போடாதே என்று எல்லாக் கையேடுகளும் கெஞ்சுகின்றன. எங்கள் தெருவோ தனியாக மட்டுமே போடு என்கிறது. புதுத் துவாலை வாங்கிவரட்டுமா என்றேன். வெல்வெட் முழுக்க வெள்ளை நூல் ஒட்டும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள்.

அக்காவின் கண் ஆணிப் பக்கம் போனது. அங்கே என் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கருநீலம். ஈரமானால் ஒரு ஆள் கனம்.

"அத்தக் குடு."

"கம்பளிக்கா. மெஷின்ல போட்டா சுருங்கிடும்."

"சுருங்கட்டும்."

"அது மட்டும் துணி இல்லியா?" என்றாள் ரீட்டா.

"துணிதான்," என்றாள் அக்கா. "ஆனா யாரு வூட்டுத் துணியும் இல்ல."

ரீட்டா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். நியாயம்தான் என்று தோன்றியிருக்க வேண்டும். செய்தி அறையில் எத்தனையோ தலைப்புகளைச் சுருக்கியிருக்கிறேன். ஒரு மனிதனின் முகவரியை இத்தனை சிக்கனமாக நீக்கியதைப் பார்த்ததில்லை. அதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. கணக்குச் சரியாக வந்த திருப்தி மட்டும் இருந்தது.

மிச்சமிருந்த வாளித் தண்ணீரில் கோட்டை அமுக்கி எடுத்து, சீலைக்கு எதிரே சுருட்டி வைத்தோம். வால்வு மூடியிருந்தது. சாய்ந்தால் திருத்திக்கொள்ள மெஷினுக்கு இனிச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஈரச் சீலையை அப்படியே துணிக்கொடியில் போடுவதைத் தவிர எங்களுக்கும் வழி கிடையாது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். மெஷின் முனகியது. ஒரு முறை தொம்மென்றது. ரீட்டா தன்னையறியாமல் அதன் மேல் ஒரு கையை வைத்தாள். பிறகு சத்தம் ஒரே சீராக உயர்ந்து, மிக்ஸி ஓடுவதுபோல் ஓடியது. அங்குலம்கூட நகரவில்லை.

"இம்மா நேரம் இத்த எங்கடா ஒளிச்சி வெச்சிருந்த?" என்று அக்கா கேட்டாள். கோட்டையா, யோசனையையா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மொட்டைமாடியில் நீலச் சீலையும் என் கோட்டும் ஒரே கொடியில் காய்ந்தன. கோட்டு பள்ளிக்கூடப் பையன் அளவுக்கு வந்திருந்தது. "இன்னாண்ணே, மாதாகூட நீயும் தேர்ல ஏறப் போறியா?" என்று ரீட்டா கேட்டுவிட்டு, கேட்காமலேயே சீலையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினாள். வால்வை எப்போது திறந்தாள் என்று தெரியவில்லை. கெபியில் குழுச் செயலாளர் சீலையை மூக்கருகே கொண்டுபோய், எங்கள் கண்முன்னாலேயே நன்றாக முகர்ந்தார். ஒன்றும் சொல்லாமல் தேருக்கு அனுப்பினார். எங்கள் தெருவில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குப் பெயர்தான் பாராட்டு.

கிளம்புகிற அன்று கோட்டைக் குப்பையில் போடப் பார்த்தேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள். "அடுத்த வருசம் எதிர்ப்பக்கம் இன்னாத்தப் போடுவேன், உன் மண்டையவா?" நாப்தலின் உருண்டைகளை வைத்து, சீலை இருக்கும் அதே டிரங்குப் பெட்டியில் அதையும் மடித்து வைத்தாள்.

அத்தானின் பழைய ஸ்வெட்டரோடு ஹாலிஃபாக்ஸில் இறங்கி, விமான நிலைய வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். பனி பெய்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்து, வெப்பமான ஊரிலிருந்து வருகிறீர்களா, கோட்டு எங்கே என்று கேட்டார். ஊரில் இருக்கிறது என்றேன். மறந்துவிட்டீர்களா என்றார். இல்லை, அங்கே அதற்கு வேலை இருக்கிறது என்றேன். அவர் மரியாதையாக ஓரடி தள்ளி நின்றுகொண்டார். இங்கே எந்தத் தோளுக்கும் இனிப் பொருந்தாத அது, அங்கே இருட்டுப் பெட்டியில் மாதாவின் வெல்வெட்டுக்குப் பக்கத்தில் மடிந்து கிடக்கிறது. வருடத்தில் ஒரு நாள் நனைந்து, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து, யார் வீட்டுத் துணியும் இல்லாத தன் கனத்தைக் கொடுப்பதற்காக.