நாத்தனார் விட்ட சொட்டு மருந்து

இன்று ஸ்ரீபெரும்புதூரில் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பெண் டாக்டர் என் வலது கண்ணைப் பார்த்துவிட்டு, "பழைய தழும்பு ஒண்ணு இருக்கேம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

எண்பதுகளில் ஒரு நாள், மண்ணூரில் நெல் தூற்றும்போது பதர் பறந்து கண்ணில் பட்டது. நானாகவே கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டேன். கண் இன்னும் சிவந்து வீங்கி, பார்வையே மங்கிவிட்டது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கருவிழியைச் சுரண்டிப் பார்த்து, பூஞ்சை என்றார்கள். "இந்த மருந்தை மணிக்கு ஒரு தரம் விடணும். தவறினா கண்ணு போயிடும்."

கணவர் ஷிப்டுக்குப் போய்விடுவார். வீட்டில் இருந்தது நாத்தனார், அவருடைய அக்கா தனம் மட்டும்தான். ஒரு பித்தளைக் குடத்துக்காக நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஆனாலும் மணிக்கு ஒரு தரம் வந்து நிற்பார். மோவாயை நிமிர்த்தி, இமையை விலக்கி, சொட்டு விட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை கிடையாது. இப்படியே மூன்று வாரம்.

ஒரு காலையில் மருந்து விட்டவர் நகராமல் நின்றார்.

"இன்னா, நான் தெரியறனா?"

"உங்க மூக்குத்தியில ஒரு கல்லு காணோம், அண்ணி."

"கண்ணு வந்த ஒடனே குத்தம் கண்டுபுடிக்கிறியா!" என்று சிரித்தவர், முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். பேசாமல் மட்டும் இருந்ததில்லை.

சண்டைக்காரர் கையால் பிழைத்தவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?