பத்து வந்தாச்சு

ஒடீல் நார்சிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தே தலை நரைத்தவள். திங்கட்கிழமை என்றால் சிவப்புப் பீன்சும் சோறும், வெள்ளிக்கிழமை என்றால் மீன். பன் சுடுகிற தட்டில் பன்னிரண்டு குழி உண்டு. மாவை உருட்டிப் பத்துக் குழியை நிரப்பியதும் அவள் கை அப்படியே நின்றுவிடும். மீதி இரண்டு குழியும் வெறுமனே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள், "ஒடீலக்கா, நின்னுக்கிட்டே தூக்கமா?" என்று சீண்டுவார்கள். அவளை எது பிடித்து நிறுத்துகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

லூசியானாவில் அந்தச் சின்ன ஊரின் கோர்ட்டில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக, ஜூரியாக அவள் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. குற்றவாளிக் கூண்டில் ரெனார்ட் கில்லோரி என்ற கறுப்புப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். மதுக்கடையில் கொள்ளையடிக்கப் போய்க் கடைக்காரரைச் சுட்டுக் கொன்றான் என்று வழக்கு. சாட்சி என்று இருந்தது கடையில் நின்றிருந்த ஒரு பெண் மட்டும்தான். சம்பவத்தன்று போலீசிடம் முகத்தைப் பார்க்கவில்லை என்றவள், கோர்ட்டில் ஏறி, அந்த முகத்தைச் செத்தாலும் மறக்க மாட்டேன் என்றாள். பையனுக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீலுக்குத் தலைக்கு மேல் வழக்குகள். அந்த மனுஷர் அவன் பெயரையே மாற்றிச் சொன்னார்.

ஜூரி அறைக் கதவைச் சாத்தியதும் ஒடீல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னைக்குப் பாக்காத முகம் இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவளுடைய சர்ச்சுக்காரி வெர்டெல் ப்ரோஸ்பரும் அந்த ஜூரியில் இருந்தாள். நீலத் தொப்பி வைத்த பெரிய மனுஷி, இவளைப் போலக் கறுப்புப் பெண்தான். பையனின் தாய் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசியபோது கைக்குட்டை நனைய அழுதவள். அழுத ஈரம் காய்வதற்குள், அவன்தான், சந்தேகமே இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்துப் போவோம் என்று முதல் ஆளாகச் சொன்னாள். அவள் தங்கை மகனை யாரோ கத்தியைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்திருந்தார்கள். அந்தக் கோபத்தை இவன் தலையில் இறக்கி வைத்தாள்.

ஒடீலோடு சேர்ந்து நின்றது ஒரே ஆள். அதுவும் யார்? வில்ஃப்ரெட் நாக்கின் என்ற வெள்ளைக்காரன். இறால் படகுக்காரன், இரண்டு கையிலும் பச்சை குத்தியவன், விசாரணை முழுக்கப் பையனை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன்.

"எனக்கு இந்தப் பயலப் புடிக்கல," என்றான் நாக்கின். "ஆனா அந்தப் பொம்பள பாக்கலன்னா பாக்கலதான். புடிக்கலங்கறதுக்காக ஒருத்தன உள்ள தள்ளிட முடியுமா?"

டிவியில் பார்த்த நினைப்பில் ஒடீல் தைரியமாக இருந்தாள். ஒருவர் மறுத்தாலே தீர்ப்பு நிற்காது, எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும் என்று நம்பினாள். ஜூரித் தலைவர் தூக்கிய கைகளை எண்ணினார். அப்புறம் ரொம்ப மரியாதையாக அவள் பக்கம் திரும்பினார்.

"பத்து வந்தாச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் சிரமப்பட வேண்டாம்."

அவ்வளவுதான், கதை முடிந்தது. பன்னிரண்டில் பத்துப் பேர் சொன்னால் போதும், ஒரு மனுஷனைச் சாகும்வரை உள்ளே வைக்கலாம் என்பது அப்போது அந்த மாநிலத்துச் சட்டம். அடிமைத்தனம் ஒழிந்து, கறுப்பர்களையும் ஜூரியில் சேர்க்க வேண்டி வந்த காலத்தில், ஒன்றிரண்டு கறுப்புக் குரல் எழுந்தாலும் காரியம் கெடாமல் இருக்க யோசித்துப் போட்ட ஏற்பாடு அது. கூப்பிட்டு உட்கார வைத்து, ஒப்புக்குச் சப்பாணியாக்கி அனுப்புகிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

கோர்ட்டுக்குத் திரும்பியதும் நீதிபதி ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, இது உங்கள் தீர்ப்புத்தானா என்று எழுதச் சொன்னார். ஒடீல் பேனா அழுந்த 'இல்லை' என்று எழுதினாள். குமாஸ்தா எண்ணிப் பார்த்து, பத்து, இரண்டு என்று படித்துவிட்டுச் சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டினார். அந்த இரண்டு யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரெனார்ட் பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். தன் முறை வந்தபோது ஒடீலுக்குத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலைதான் அவளைப் பேயாகப் பிடித்தது. நான் உன் பக்கம் என்று ஒரு பார்வையில் சொல்லியிருக்கலாமே என்று மனசு அரித்தது. கனவில் அந்தக் கண்கள் வரிசையாக வரும். தன் முறை வருவதற்குள் விழித்துக்கொள்வாள். பகலில் மாவுத் தட்டின் முன்னால் நின்றால், 'பத்து வந்தாச்சும்மா' என்ற குரல் காதோரம் கேட்கும்.

வருஷங்கள் ஓடின. மாநிலத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். அன்று ஓட்டுச் சாவடியில் ஒடீல்தான் முதல் ஆள். நாட்டின் பெரிய கோர்ட்டும் பழைய முறை தப்பு என்று சொன்னது. ஆனால் ஏற்கெனவே உள்ளே போனவர்களுக்கு அது பொருந்தாதாம். தப்பு என்று ஒத்துக்கொள்வார்களாம், தப்பில் மாட்டினவனை மட்டும் விட மாட்டார்களாம். தான் சாவதற்குள், நான் உன் பக்கம் என்ற அந்த ஒரு சொல்லை அவனிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று, ஒடீல் சிறைக்கு எழுதிப்போட்டு அனுமதி வாங்கினாள்.

பையனைப் பார்க்கப் போனவள் முன்னால் நரைத்த தலையோடு ஓர் ஆள் வந்து உட்கார்ந்தான். சர்ச்சிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டான்.

"இல்ல தம்பி. உன் கேஸ்ல ஜூரில இருந்தவ நான்."

அவன் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தான். "பின் வரிசை, ஓரத்து நாற்காலி. தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. அன்னைக்கே உங்களப் பத்துல சேத்துட்டேம்மா. உங்களத் திட்டாத நாளே கிடையாது."

"நான் இல்லைன்னுதான் எழுதினேன் தம்பி."

ரெனார்ட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஒடீலும் அழுதாள். அவளை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கத் தொடங்கிய அந்த நேரத்தில் அவன் கையை எடுத்துச் சிரித்தான்.

"அப்போ நீங்களும் அந்த நீலத் தொப்பி அம்மாவும். அவங்க எனக்காக அழுதாங்கம்மா. பேர் தெரியாது. நீலத் தொப்பின்னு சொல்லியே தெனம் ராத்திரி அவங்களுக்காக ஜெபம் பண்றேன். அது மட்டும் இல்லன்னா என்னைக்கோ தொங்கியிருப்பேன். அந்தப் பச்சை குத்தின வெள்ளைக்காரன் இருக்கானே, அவன் நாசமாப் போகட்டும்னும் சேத்துத்தான்."

நாக்கின் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, படகிலேயே மாரடைப்பு. உண்மையைச் சொன்னால் செத்தவன் பழி தீரும். ஆனால் இவன் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஒரே கயிறு அறுந்துபோகும். அன்றைக்குச் செய்யாததை இப்போது செய்தாள், தலையைக் குனியாமல் அவன் கண்ணைப் பார்த்தாள்.

"ஆமா தம்பி. அவங்கதான்."

அடுத்த தடவை போனபோது அவன் சிறைப் பட்டறையில் தைத்த தோல் கைப்பை ஒன்றைக் கொடுத்தான். நீல நூலில் பூ போட்டிருந்தது. நீலத் தொப்பி அம்மாவிடம் சேர்த்துவிட வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெர்டெல் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒடீல் பையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. மனசு கேட்கவில்லை.

நவம்பர் பிறந்ததும், கல்லறைகளுக்கு எல்லாரும் வெள்ளையடிக்கிற நாளில், சுண்ணாம்பு வாளியோடு அவள் நாக்கினின் கல்லறைக்குப் போனாள். அங்கே அவன் மகள் பாசி சுரண்டிக்கொண்டிருந்தாள். தெரியாத கறுப்பம்மா தன் அப்பாவின் கல்லறை முன்னால் மண்டியிடுவதைப் பார்த்துத் திகைத்தாள்.

"எங்கப்பாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு தடவ பக்கத்துல உக்காந்திருந்தேம்மா," என்று சொல்லி, ஒடீல் கைப்பையை அவளிடம் நீட்டினாள். "உங்கப்பாவுக்குச் சேர வேண்டியது. அவர் இல்ல, நீ வச்சுக்கோ."

மகள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு நீலம் பிடிக்கவே பிடிக்காது என்று சிரித்துக்கொண்டே தோளில் மாட்டிக்கொண்டாள். ஒடீல் பிரஷைச் சுண்ணாம்பில் தோய்த்து நாக்கினின் பெயரைச் சுற்றி மெதுவாகப் பூசினாள். இன்று ராத்திரியும் ரெனார்டின் சிறை அறையில் இந்தப் பச்சை குத்தின வெள்ளைக்காரனுக்கு வசவுதான் விழும், அது அவளுக்குத் தெரியும்.