நான் வேண்டாமென்ற ரயில்

என் சகலையை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷனை, நேரில் பார்த்தால் "வாங்க தம்பி, உக்காருங்க" என்பேன். மனசுக்குள் அவன், இவன்தான். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி சோதனை மேசையில் நிற்கிறவன். அவன் ராணிப்பேட்டையில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் இருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தடவை கண்காட்சி என்று இத்தாலிக்குப் போவான். நான் பார்த்து அனுப்புகிற ஷூவும் அங்கே போகிறது, அவனும் போகிறான், நான்தான் போனதில்லை. திரும்பி வந்ததும் காட்பாடியில் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாக்லேட் பொட்டலத்தைப் பிரிப்பான். எல்லாரும் அவன் வாயையே பார்ப்பார்கள். என் மனைவியும் பார்ப்பாள். எனக்கு வயிறு எரியும். சொல்ல என்ன வெட்கம், எரிந்தது எரிந்ததுதான்.

அவனும் நானும் மனைவிகளோடு, நாலு பேராக ஐந்து நாள் இலங்கைக்குப் போவது என்று முடிவானது. அங்கே போய் எதில் சுற்றுவது என்பதில்தான் தகராறு. என் மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை. கண்டியிலிருந்து எல்ல என்கிற ஊர் வரை தேயிலை மலைகளுக்குள்ளே போகிற ரயில். பன்னிரண்டு வருஷமாக ஷூவின் மேல்தோல் தைக்கிற மிஷினில் உட்கார்ந்திருப்பவள் அவள். காலையில் கம்பெனி வேன், சாயங்காலம் கம்பெனி வேன்.

"கதவாண்ட நின்னுக்கினு போணும்ங்க. காத்து மூஞ்சில அடிக்கணும். வேற ஒன்னும் வேணாம் எனக்கு" என்று சொல்லியிருந்தாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்க்கவில்லை. அந்த டிக்கெட்டுக்கு புக்கிங் முன்கூட்டியே திறந்து, திறந்த வேகத்தில் தீர்ந்துபோகும் என்பது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, பயணம் முழுவதையும் அச்செடுத்த தாளை மேசைமேல் வைத்தான்.

"அண்ணா, புக்கிங் தொறந்தவுடனே நாலு சீட் புடிச்சிட்டேன். ஜன்னலோரம் ரெண்டு கெடச்சுது. ஒன்னு அண்ணிக்கு."

என் மனைவி கைதட்டினாள். நிஜமாகவே, சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளை ஒரு தடவை நான் அப்படிக் கைதட்ட வைத்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

"தாளைக் குடுங்க தம்பி, பாக்கலாம்" என்று வாங்கினேன்.

என் சட்டைப் பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் எப்போதும் கிடக்கும். தோலில் சுருக்கமோ, தையல் விலகலோ, பசைக்கறையோ இருந்தால் அதைக் காட்டி ஒன்று ஒட்டுவோம். அம்பு ஒட்டின ஷூ பெட்டிக்குள் போகாது. அவன் தாளில் ஒட்ட ஆரம்பித்தேன். ஏழு மணி நேரப் பயணம், ஒரு அம்பு. பெட்டியை நாமே தூக்கி ஏற்றணும், ஒரு அம்பு. மழை வந்தால் ரயில் நிற்கும், ஒரு அம்பு. கக்கூஸ் எப்படி இருக்குமோ, அதற்கும் ஒன்று.

"மாமா, இது இன்னா ஷூவா?" என்று மச்சினி சிரித்தாள்.

"பரவால்ல, அண்ணா பாக்கட்டும்" என்றான் அவன். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகாது. இன்னும் ஏழு ஒட்டினேன்.

"வேன் வெச்சுக்கலாம். வாசல்லயே வந்து ஏத்திக்கும், நெனச்ச எடத்துல நிக்கும். ரயிலெல்லாம் பேஜாரு" என்றேன்.

என் மனைவி தாளை எடுத்துப் பார்த்தாள். "பதினோரு அம்பு" என்றாள். தான் மட்டும் ரயிலில் போவதாக அவள் சொல்லியிருக்கலாம். தங்கை புருஷன் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில், கண்டியிலிருந்து எல்ல வரை அவர்கள் ரயில், நாங்கள் வேன் என்று ஆனது. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு கரண்டி சாதம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

வேன் நல்ல வேன். ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தமிழர், பதமாக ஓட்டினார். நாலு அருவி வந்தது, நாலிலும் நிறுத்தச் சொன்னேன். "பாரு, ரயில்ல இப்டி நிக்க முடியுமா?" என்று நாலு தடவையும் கேட்டேன். அவள் நாலு தடவையும் இறங்கினாள், பார்த்தாள், ஏறிக்கொண்டாள்.

பண்டாரவளை தாண்டி ஒரு ரயில்வே கேட். "கேட் போட்டாச்சு சேர்" என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். தூரத்தில் ரயில் ஊதியது. நான் வாய் திறப்பதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீல ரயில் மெதுவாக வந்தது. ஒரு வாசலில் மச்சினி, முடியெல்லாம் பறக்க, "அக்கா! அக்கா!" என்று கத்தினாள். என் மனைவி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். கடைசிப் பெட்டி போய், கேட் திறந்து, பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

சாயங்காலம் விடுதியில் சகலை சொன்னான். குறையாகக்கூடச் சொல்லவில்லை. "உங்க சீட்டு ரெண்டும் காலியாத்தான் வந்துச்சுண்ணா. நடுவுல ஒருத்தர் கேட்டாரு, குடுக்கல. அண்ணி வழியில எங்கனா மனசு மாறி ஏறினாலும் ஏறுவாங்கன்னு விட்டுட்டேன்."

அவனை ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது. அது ஏன் அவனுக்குத் தோன்றணும்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

அறைக்குள் வந்ததும் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "பொறாமைப்பட்டது நீங்க. ரயிலு போனது எனக்கு."

மறுநாள் காலையில் கண் விழித்தால் அவள் இல்லை. மச்சினிதான் சொன்னாள். "அக்கா ஸ்டேஷனுக்குப் போய்ட்டா மாமா. பதுளை வரைக்கும் போய்ட்டு அடுத்த ரயில்ல வந்துர்றாளாம். நானும் வர்றேன்னேன், வேணான்னுட்டா."

வேலூருக்குப் போவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறவள். ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சகலை வந்து டீ கொடுத்தான். "வந்துருவாங்கண்ணா" என்றான். வாங்கிக் குடித்தேன். அந்த டீயும் நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

மதியம் ரயில் வந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் அவள் நின்றிருந்தாள். தலை கலைந்து, பொட்டு விலகி, புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. பக்கத்தில் கூடையோடு ஒரு சிங்களப் பெண்மணி. இவளுக்கு அந்த மொழி தெரியாது, அந்த அம்மாளுக்கு இவள் மொழி தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, எதற்கோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சகலையின் இத்தாலிக் கதைக்குக்கூட அப்படிச் சிரித்ததில்லை. பேர் தெரியாத அந்த அம்மாள்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால், அவன்மேல் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

இறங்கினாள். ரயில் மறைகிற வரை கையாட்டினாள். சிரிப்பு மாறாத முகத்தோடு திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. தலைப்பை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.